ஈரம் அறிவது எவ்வாறு?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், ஒரு மார்கழி விடியலில், தாழ்வாரக் கொடியிலிருந்த சேலை ஈரமெனத் தோன்றியது. கைக்குள் சற்றுப் பொத்தி வைத்தபின் உலர்ந்தது என்று தெளிந்தேன்.

மனிதத் தோலில் ஈரத்தை உணரத் தனி உணரி இல்லை. தண்மையையும் தொடுகையையும் கொண்டு மனமே ஊகிக்கிறது என்பர் அறிவியலார். நாலறிவுயிராகிய ஈயின் உணர்கொம்பிலோ அஃது உண்டு. நம் நூல்கள் கூறும் எட்டு ஊறுகளிலும் ஈரம் எனத் தனியே ஒன்றில்லை.

சேலையைப் பற்றிய பிழை நொடியில் தீர்ந்தது. மனிதரைப் பற்றிய பிழையோ? தாயை இழந்தும் அழாத மாணவி ஒருத்தியை நெஞ்சில் ஈரமற்றவள் என எண்ணிக் கடிந்தேன். தம்பி கலங்குவானே என்று அவள் அடக்கியிருந்ததைப் பின்னரே அறிந்தேன்.

மதிஞானத்தின் படிகள் நான்கு: பற்றுதல், ஆராய்தல், துணிதல், நினைவில் நிறுத்தல். இரண்டாம் படியைத் தாண்டித் தீர்ப்பளிப்பதும் இம்சையே.