பேசாமல் பார்ப்பது

ஒருவர் தவிக்கிறார். வழி தெரிந்த மற்றொருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இது தகுமா? தகாது என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் இதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டு விசேஷங்களைப் படம் பிடித்து, டி.வி.டி. தகட்டில் பதிந்து உறவினருக்கு அனுப்புவது அமெரிக்காவில் பரவியிருந்த காலம் ஒன்று உண்டு. 2001-இல் ஆப்பிள் நிறுவனம் இதற்கென்றே ‘ஐ.டி.வி.டி.’ என்ற மென்பொருளை வெளியிட்டது. சினிமாத் தகடுகளைப் போலவே முகப்பும் ‘மெனு’வும் வைத்து வீட்டிலேயே தகடு தயாரிக்கலாம் என்று ஆயிற்று. எதை அழுத்தினால் பிறந்தநாள் வரும், எதை அழுத்தினால் கடற்கரை வரும் என்பதெல்லாம் தயாரித்தவருக்கு மனப்பாடம். தகடு போய்ச் சேருவதோ பாட்டியின் வீட்டுக்கு. அந்த அம்மாள் கையில் இருப்பது நான்கு அம்புக்குறிகளும் ஒரு ‘என்டர்’ பொத்தானும் உள்ள ரிமோட்.

சங்கடத்தைப் பாருங்கள். திரையில் இரண்டே வாசகங்கள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. இப்போது ‘என்டரை’ அழுத்தினால் ஓடப்போவது எது? மூன்று வாசகங்கள் இருந்தால், நிறத்தில் தனித்து நிற்பதுதான் என்று ஊகிக்கலாம். இரண்டு என்றால் ஊகத்துக்கும் இடமில்லை. தயாரித்தவருக்கு இந்தச் சந்தேகமே எழாது. மஞ்சள் என்று தீர்மானித்தவரே அவர்தானே! டி.வி.டி. விதிப்படி ஒரு மெனுவில் 36 பொத்தான்கள் வரை வைக்கலாமாம். இரண்டுக்கே இந்தப் பாடு!

இதைக் கண்டுபிடிக்கத்தான் சோதனை. “பேரனின் பிறந்தநாளைப் போடுங்கள், மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்” என்று கேட்பார்கள். 1982-இல் ஐ.பி.எம்.மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் இந்த முறையை எழுதி வைத்தார். ஐந்து பேர் போதும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். போதாது என்று வாதிப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் அக்கறையில்லை. தொடங்குமுன் அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் அக்கறை: “நாங்கள் சோதிப்பது தகட்டை, உங்களை அல்ல.”

கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டு முறை தவறினால், “எனக்கு இதெல்லாம் வராதப்பா” என்று தம்மையே நொந்துகொள்வார்கள். மனிதர்கள் இப்படிப் பழியைத் தம் தலையிலேயே போட்டுக்கொள்வதை டொனால்ட் நார்மன் 1988-இல் வந்த தம் நூலில் விரித்துரைத்தார். செய்தவன் எங்கோ நிம்மதியாக இருக்கிறான், வெட்கப்படுகிறவள் பாட்டி.

பார்ப்பவர் “கீழ் அம்பை அழுத்துங்கள், அம்மா” என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அந்த வார்த்தையோடு கோளாறும் மறைந்துகொள்ளும். பிறகு எத்தனையோ வீடுகளில், சொல்ல ஆளில்லாமல் எத்தனையோ பேர் தவிப்பார்கள். ஆகவே அந்த மௌனத்தை நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கடனாகத்தான். கண் கலங்கும் அளவுக்குப் போனால் சோதனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அறிக்கை மேஜை அறைக்குள் தூங்கினால், அந்த மௌனம் வெறும் கொடுமை.

திருத்தம் என்னவோ சிறியதுதான். நிறத்தை மட்டும் நம்பாமல், தேர்ந்த வாசகத்தின் அருகே ஒரு சிறு அம்புக்குறி. அதைப் போட்டபின், சோதனையில் வெட்கப்பட்டுப் போன அந்த அம்மாளைக் கூப்பிட்டு, “உங்களால்தான் இது திருந்தியது” என்று காட்டினார்களா? அந்தத் தொழிலில் உள்ளவர் யாரையாவது சந்தித்தால் இதைத்தான் முதலில் கேட்பேன்.