உறுதியும் பிடிவாதமும்

கடந்த வருடத் திருவிழாக் காலத்தில், பூசை முடிந்து வெளிவீதியில் நின்றபோது எமது ஊர் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். தாம் தொடங்க எண்ணிய சிறு தொழிலுக்குக் கடன் கேட்டு மூன்று இடங்களில் மறுக்கப்பட்டதைச் சொல்லி, "ஐயா, இனியும் அலையிறது உறுதியோ, வெறும் பிடிவாதமோ?" என்று கேட்டார். அன்று என்னிடம் தக்க மறுமொழி இருக்கவில்லை.

கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த எனக்குக் காபன் தாளின் தொல்லை நன்கு தெரியும். நான்காவது பிரதியை, தட்டச்சு செய்தவரைத் தவிர வேறெவரும் வாசிக்க முடியாது. அத்துன்பத்தை நீக்கிய போட்டோப்பிரதி முறையைக் கண்டவர் செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர். நியூயோர்க்கில் மின்சாதன நிறுவனமொன்றின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றியவர். பத்திரங்களுக்குப் பிரதியெடுக்கப் பட்ட பாடே அவரை இதில் இறக்கியது. உத்தியோகத்தை விடாமல், வீட்டுச் சமையலறையிலேயே கந்தகத்தைக் காய்ச்சி ஆராய்ந்தார். (அவ்வீட்டார் சகித்த நாற்றத்தை எண்ணிப் பாருங்கள்!) 1938 ஒக்டோபர் 22இல், கந்தகம் பூசிய நாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, அன்றைய திகதியையும் அஸ்ரோரியா என்ற இடப்பெயரையும் மெழுகுத் தாளில் பதித்தெடுத்தார்.

1939 முதல் 1944 வரை இருபதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. மறுத்தவர்களை மூடர் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் கண்டது சிறு தகடும் பொடியும் மங்கலான எழுத்துமே. காபன் தாளோ மலிவாகக் கிடைத்தது. கண்ணால் கண்டதைக் கொண்டு அவர்கள் சொன்னதைப் பிழையென்று நான் சொல்லமாட்டேன்.

1944இல் ஒகாயோ மாநிலத்தின் பற்றெல் ஆய்வு நிலையம் அவரை ஏற்றது. அதற்காக வருங்கால வருமானத்தில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்தார். அங்குள்ளோர் கந்தகத்தை நீக்கிச் செலனியத்தைப் புகுத்தினர். தமது சமையலறையில் காய்ச்சிய கந்தகம்தான் வேண்டுமென்று அவர் அடம்பிடித்திருந்தால் காரியம் அங்கேயே நின்றிருக்கும். பிரதி எடுப்பது எளிதாக வேண்டும் என்பதை மட்டும் அவர் விடவில்லை. பின்னர் செரொக்ஸ் எனப் பெயர் மாற்றிய ஹலொய்ட் நிறுவனம் 1959இல் 914 என்ற இயந்திரத்தை வெளியிட்டபோது, அஸ்ரோரியாவின் முதற் பிரதிக்கு 21 வயது. இடையில், 1945இல், அவரது முதல் மணவாழ்வு விவாகரத்தில் முடிந்திருந்தது.

அண்மையில் அந்த இளைஞரை மீண்டும் கண்டபோது, மறுத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டேன். மூன்றாம் இடத்தில் சொன்னதை முழுதாகக் கேளாமலே கோபத்தில் எழுந்து வந்துவிட்டாராம். திரும்பிப்போய்க் கேட்டுவரும்படி சொல்லியிருக்கிறேன்.