9.2

முதலாமாண்டு பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எங்கள் ஊசல் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.2 என்று காட்டியது. புத்தகத்தில் 9.81. "9.78னு போடுடா, ரொம்ப கரெக்டா இருந்தா சந்தேகம் வரும்" என்றான் கூட்டாளி. போட்டேன். நல்ல புள்ளி கிடைத்தது. யாரையும் பார்த்து எழுதவில்லையே, சரியான விடையை எழுதுவது எப்படி ஏமாற்று ஆகும் என்று ரொம்ப நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

1913இல் மில்லிகன் வெளியிட்ட எலக்ட்ரான் மின்னூட்ட அளவு சற்றுக் குறைவு; காற்றின் பாகுநிலையை அவர் தவறாக எடுத்துக்கொண்டிருந்தார். பின்வந்தவர்களின் அளவுகள் ஒரேயடியாகத் திருந்தவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறின என்றும், மில்லிகனிடமிருந்து ரொம்ப விலகிய எண் வந்தால் தங்களையே சந்தேகித்தார்கள் என்றும் 1974இல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் ஃபைன்மன் சொன்னார். சரியான விடை என்று நாங்கள் நம்பியதும் இதைத்தான்: முன்னால் ஒருவர் எழுதிவைத்த எண்.

இப்போது கெலாங் பாத்தாவில் சைட் வேலை. சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட், 28ஆம் நாள் கியூப் டெஸ்ட்டில் 24 காட்டியது. "30னு போட்டுடுங்க தம்பி, விழவா போவுது?" என்றார் மேற்பார்வை பார்க்கும் அண்ணன். என் கை 3ஐ எழுதியேவிட்டது. அடித்துவிட்டு 24 என்று எழுதினேன்.

9.81 எல்லாருக்கும் தெரிந்ததுதான். 9.2ஐக் கூச்சப்படாமல் நீட்டத்தான் அந்த ஊசல் சொல்லித்தந்தது. பாடம் எனக்கு ஆறேழு வருசம் தாமதமாகப் புரிந்தது.