தன்னவர்க்கு எதிரான சாட்சி

சமூகப் பற்று என்ற பேச்சு வரும்போதெல்லாம் எம்மிடையே இரண்டு குரல்கள் எழுவதுண்டு. 'அஸபிய்யா' மார்க்கத்தில் விலக்கப்பட்டது, ஆகவே 'எம்மூர்', 'எம்மவர்' என்ற பேச்சே ஆகாது என்பது ஒரு குரல். தன் ஊரையும் தன் மக்களையும் நேசிக்காதவன் உலகத்தை நேசிப்பதாகச் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு என்பது மற்றைய குரல். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதுதான் கேள்வி.

இக்கேள்வி நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே எழுந்தது. ஒருவர் தன் சமூகத்தை நேசிப்பது அஸபிய்யாவாகுமா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. நேசிப்பது அதுவாகாது, அநீதியில் தன் சமூகத்துக்குத் துணைபோவதே அஸபிய்யா என்ற கருத்தில் அவர்கள் விடை பகர்ந்ததாக ஹதீஸ் உண்டு. 1377இல் தனது 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் இதே சொல்லை எடுத்து, கூட்டமாக நின்று ஒருவருக்கொருவர் தோள்கொடுக்கும் அந்த உணர்வின்றி எந்த அரசும் எழுந்ததில்லை என்று காட்டினார். அறியாமைக் காலத்து வீண் பெருமைக்கு அது பயன்படும்போதே கண்டனத்துக்குரியது, சத்தியத்துக்குத் துணைநிற்கும்போது அல்ல என்பதும் அவரது விளக்கம். ஆக, ஊர்ப்பற்றில் பிழையில்லை. அது எந்த இடத்தில் பிழையாகத் திரும்புகிறது என்பதையே ஆராய வேண்டும்.

இதை எமது சொந்த விவகாரங்களை வைத்து ஆராய்வது கடினம். அங்கே நாம் எல்லோரும் ஏற்கெனவே ஒரு பக்கத்தில் நிற்கிறோம். எமக்கு எந்தப் பக்கமும் இல்லாத, தோற்றாலும் வென்றாலும் எமக்கு ஒன்றும் ஆகாத ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அயர்லாந்தின் கேலிக் உதைபந்தாட்டம் அத்தகைய ஓரிடம்.

இது நாமறிந்த உதைபந்தாட்டமல்ல. அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்தி அனுப்பலாம். நான்கு அடிக்கு மேல் சும்மா தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. வலைக்குள் சென்றால் மூன்று புள்ளிகள், குறுக்குச் சட்டத்துக்கு மேலால் சென்றால் ஒரு புள்ளி. 2025இல் வந்த விதிகளின்படி தூரத்திலிருந்து உதைத்து மேலால் அனுப்பினால் இரண்டு. 1884 நவம்பர் முதலாம் திகதி தேர்ல்ஸ் என்ற ஊரில் மைக்கல் கியூசக் முதலானோர் கூடி அமைத்த கேலிக் விளையாட்டுச் சங்கம் இதை நடத்துகிறது. அயர்லாந்தின் 32 கவுண்டிகள் இதன் அலகுகள். வீரர்களுக்குச் சம்பளம் இல்லை. காலையில் பாடசாலையில் படிப்பிப்பவரும் பண்ணையில் மாடு பார்ப்பவரும் மாலையில் தம் கவுண்டியின் உடையை அணிந்து பயிற்சிக்குப் போகிறார்கள். காசு கொடுத்து வீரரை வாங்கும் வழக்கம் அங்கில்லை. பெரும்பாலும் பிறந்து வளர்ந்த மண்ணுக்கே ஒருவர் ஆடுகிறார். ஆகவே பார்வையாளருக்கு அந்த அணி ஒரு கம்பனியின் அணியாகத் தோன்றுவதில்லை. தம் ஊர்ப் பிள்ளைகளாகவே தோன்றுகிறது.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. இந்தக் கவுண்டிகளை வகுத்தவர்கள் ஐரிஷ் மக்கள் அல்லர். நோர்மானியப் படையெடுப்புக்குப் பின் ஆங்கில ஆட்சி தன் நிருவாக வசதிக்காகச் சிறிது சிறிதாகக் கீறிய எல்லைகள் அவை. கடைசியாக விக்லோ 1606இல் வகுக்கப்பட்டது. அந்நியன் கீறிய கோட்டை, அந்நியனுக்கு எதிரான உணர்வோடு எழுந்த ஒரு விளையாட்டு, தலைமுறை தலைமுறையாக நேசிக்கப்படும் தாயகமாக மாற்றிவிட்டது. மனிதன் எல்லையை நேசிப்பதற்கு அந்த எல்லை புனிதமானதாக இருக்க வேண்டியதில்லை. அவன் அதற்குள் பிறந்து, அழுது, சிரித்திருந்தால் போதும்.

மேற்கே பலஹடரீன் என்றொரு சிறுநகர் உண்டு. அது முன்னர் மேயோ கவுண்டியில் இருந்தது. 1898ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின்கீழ் அயலிலுள்ள ரொஸ்கொமன் கவுண்டிக்கு மாற்றப்பட்டது. ஆனால் நகரின் உதைபந்தாட்டக் கழகம் மாறவில்லை. இன்றும் அது மேயோவின் கழகம். காகிதத்தில் ஒரு கவுண்டி, மைதானத்தில் இன்னொரு கவுண்டி. மேயோவின் பச்சை சிவப்பும் ரொஸ்கொமனின் மஞ்சள் நீலமும் இங்கே ஒரே தெருவில் சந்திக்கின்றன.

இரு கவுண்டிகளும் மோதும் ஒரு போட்டிக்கு முந்திய கிழமையில் இப்படியான ஓர் ஊரில் நடக்கும் வாதத்தை எண்ணிப் பாருங்கள். ரொஸ்கொமன் ஆதரவாளர் சட்டத்தைப் பேசுவார்: வரி கட்டுவது இங்கே, வாகன இலக்கத்தகட்டில் இருப்பது எங்கள் கவுண்டியின் எழுத்து, ஆட மட்டும் எப்படி அங்கே போவீர்கள்? மேயோ ஆதரவாளர் நினைவைப் பேசுவார்: ஒரு சட்டம் வேலியை நகர்த்தலாம், எங்கள் பாட்டனின் மனத்தை நகர்த்த முடியுமா? பிறகு பேச்சு பழைய வெற்றிகளுக்குத் தாவும். ரொஸ்கொமன் அகில அயர்லாந்துக் கிண்ணத்தை 1943இலும் 1944இலும் வென்றது; அதன்பின் இல்லை. மேயோ 1951இல் வென்றது, அதன்பின் இல்லை. 1989 முதல் 2021 வரை மேயோ பதினொரு முறை இறுதிப் போட்டிக்கு வந்து பதினொரு முறையும் தோற்றது. 1951இல் வெற்றிக் களிப்பில் வந்த வீரர்கள் வழியிலொரு மையித்து ஊர்வலத்தைக் கண்டும் மரியாதை செய்யாமல் போனதால் ஒரு பாதிரியார் சபித்தார் என்ற கதையும் வாதத்தினுள் வரும். நம்புவதற்காக அல்லாமல் சீண்டுவதற்காகவே அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

இந்த வாதத்தில் யார் சரி? கேட்டுப் பார்த்தால் இருவரும் சரி. இருவருமே வழக்கறிஞர்கள். தம் கட்சிக்காரனுக்குச் சாதகமானதைத் தேடி எடுத்து வைக்கிறார்கள், பாதகமானதை மறைக்கிறார்கள். இது விளையாட்டுப் பேச்சின் மரபு, எவரும் ஏமாறுவதில்லை. எதிர்ப்பக்கத்தவர் இல்லாவிட்டால் இந்த வாதத்துக்கே இடமில்லை என்பதை இருவரும் அறிவர். மேயோக்காரனுக்கு ரொஸ்கொமன்காரன் தேவை. ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே மனிதர் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டனர் என்ற ஸூரத்துல் ஹுஜுராத்தின் கருத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேறுபாடு இருப்பதனால்தான் அறிதல் நிகழ்கிறது. டப்ளினிலுள்ள குரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுவர். ஆயினும் இரு தரப்பு ரசிகர்களைப் பொலிஸ் வேலியிட்டுப் பிரிக்கும் வழக்கம் அங்கில்லை. பச்சை உடுத்தவரின் அருகே மஞ்சள் உடுத்தவர் அமர்ந்திருப்பார். 2017 ஜூலை 30இல் மேயோவும் ரொஸ்கொமனும் அங்கே சமநிலையில் முடித்தன. எட்டு நாட்களின் பின் மீண்டும் மோதியபோது மேயோ 22 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றது. பலஹடரீன் கழகத்தின் அண்டி மொரன் அவ்வாண்டின் சிறந்த வீரராகவும் தெரிவானார். தோற்ற கவுண்டியின் எல்லைக்குள் இருக்கும் ஒரு கழகத்தின் வீரர், வென்ற கவுண்டியின் நாயகன்! அந்த ஊர் அதையும் தாங்கிக்கொண்டது.

இதுவரை எல்லாம் இனிமையானது. ஆனால் வழக்கறிஞர் வேலை வேறு, சாட்சி வேலை வேறு. பற்று சோதிக்கப்படுவது சாட்சிக்கூண்டில்தான்.

2010 ஜூலை 11. லென்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியில் மீத் கவுண்டியும் லௌத் கவுண்டியும் மோதின. லௌத் சிறிய கவுண்டி. 1957இன் பின் அந்தப் பட்டத்தை வென்றதில்லை. ஆட்டம் முடியும் கட்டத்தில் அது ஒரு புள்ளியால் முன்னின்றது. அப்போது மீத் வீரர் ஒருவர் பந்தைக் கையோடு கோட்டுக்கு அப்பால் கொண்டுசென்றார். விதிப்படி அது கோல் அல்ல. நடுவர் கோல் என்றார். மீத் வென்றது. ஆத்திரங்கொண்ட லௌத் ரசிகர் சிலர் மைதானத்துக்குள் பாய்ந்து நடுவரைத் தாக்கினர். தீர்ப்பு தவறு என்பதை நடுவர் பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனால் மறுபோட்டிக்கு உத்தரவிடத் தனக்கு அதிகாரமில்லை என்றது சங்கம். மீத் தானாக முன்வந்தால் மட்டுமே மறுபோட்டி நடக்கலாம் என்ற நிலை. மீத் முன்வரவில்லை.

இந்த நிகழ்ச்சியில் அஸபிய்யாவின் இரு முகங்களையும் காணலாம். நடுவரை அடித்தவர்களின் முகம் எல்லோருக்கும் தெரிந்தது. அதைக் கண்டிப்பது இலகு. மற்றைய முகம் அமைதியானது, சட்டபூர்வமானது. எவரையும் அடிக்கவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. வந்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தது, அவ்வளவுதான். மீத்துக்குச் சார்பாகவும் நியாயம் சொல்ல இடமுண்டு. பிழை நடுவருடையது, வீரர் ஏன் அதன் சுமையைத் தாங்க வேண்டும்? நாளை எங்களுக்கு அநீதி நடந்தால் எவர் மறுபோட்டி தருவார்? இவை வலுவான வாதங்களே. ஆனால் இவை வழக்கறிஞரின் வாதங்கள். சாட்சியிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: பந்து எப்படி உள்ளே போனது?

நீங்களோ உங்கள் பெற்றோரோ உறவினரோ பாதிக்கப்பட்டாலும் நீதிக்குச் சாட்சிகளாக நில்லுங்கள் என்பது ஸூரத்துந் நிஸாவின் 135ஆவது வசனத்தின் போதனை. பெற்றோரை நேசிக்காதே என்று அங்கே சொல்லப்படவில்லை. நேசம் இருக்கட்டும், அது சாட்சியின் வாயைப் பொத்தக்கூடாது. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள், அவனது கையைத் தடுப்பதே அந்த உதவி என்ற நபிமொழியும் இதன் மறுபக்கம். தன் ஊர் வென்ற கோலைப் பார்த்து, 'இது எங்களுக்குரியதல்ல' என்று சொல்பவன் ஊர்த்துரோகி என்றே அன்று பெயர் எடுப்பான். ஊருக்கு உண்மையில் உதவியவனும் அவன்தான். லௌத் 2025இல் அதே மீத்தைத் தோற்கடித்து, 68 வருடங்களின் பின் அப்பட்டத்தை வென்றது. காலம் கணக்கைத் தீர்த்துவிட்டது என்று சிலர் மகிழக்கூடும். காலம் தீர்த்துவைக்கட்டும் என்று சாட்சிகள் விலகிநிற்க முடியுமா என்பது வேறு விடயம்.

தனிமனிதருக்குப் பொருந்துவது நிறுவனத்துக்கும் பொருந்தும். இச்சங்கம் நெடுங்காலம் தன் அங்கத்தவர் கிரிக்கெட், ரக்பி, உதைபந்தாட்டம் போன்ற 'அந்நிய' ஆட்டங்களை ஆடுவதையும் பார்ப்பதையும் தடைசெய்திருந்தது. அயர்லாந்தின் முதல் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட், ஐரிஷ் மொழியின் மறுமலர்ச்சிக்காக உழைத்தவர். சங்கத்தின் காப்பாளர்களில் ஒருவர். 1938இல் ஜனாதிபதி என்ற கடமையில் ஓர் உதைபந்தாட்டப் போட்டியைப் பார்க்கச் சென்றார். அதற்காகச் சங்கம் அவரைக் காப்பாளர் நிலையிலிருந்து நீக்கியது. பற்றே ஒரு பொலிஸ்காரனாக மாறிய தருணம் அது. தடை 1971இல் நீங்கியது. இன்று ரொஸ்கொமன் கவுண்டியின் சொந்த மைதானம் அதே ஹைட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குரோக் பார்க்கின் கதையும் அப்படியே. 1920 நவம்பர் 21இல் டப்ளினுக்கும் டிப்பரெரிக்கும் இடையே நடந்த ஆட்டத்தின்போது பிரித்தானியப் படையினர் அங்கே சுட்டனர். பதினான்கு பேர் உயிரிழந்தனர். மைக்கல் ஹோகன் என்ற வீரரும் அவர்களில் ஒருவர். அவரது பெயர் மைதானத்தின் ஒரு பகுதிக்கு இன்றும் உண்டு. அதே மண்ணில் 2007 பெப்ரவரி 24இல் இங்கிலாந்து ரக்பி அணி ஆட வந்தது. பிரித்தானியாவின் தேசிய கீதம் இசைக்கப்பட்டபோது அரங்கம் மரியாதையோடு அமைதி காத்தது. இறந்தவர்களை மறந்ததனால் வந்த அமைதியல்ல அது. 2020 ஜூலை 31இல், தொற்றுநோய்க் காலத்தில் இடைவெளி விட்டுத் தொழ இடம் தேவைப்பட்டபோது, சுமார் இருநூறு முஸ்லிம்கள் ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையை அந்தப் புற்றரையில் நிறைவேற்றினர். ஊர்ப்பற்றின் கோட்டை என்று கருதப்பட்ட இடம் விருந்தினருக்குத் திறந்தது. கோட்டைக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை.

பலஹடரீனுக்கே ஒருமுறை திரும்புவோம். பாகிஸ்தானில் பிறந்து சிறுவயதில் அவ்வூருக்கு வந்த ஷைரோஸ் அக்ரம், 2016இல் 21 வயதுக்குட்பட்டோருக்கான அகில அயர்லாந்துக் கிண்ணத்தை வென்ற மேயோ அணியில் இருந்தார். அதற்கு அடுத்த ஆண்டு சிரிய அகதிகளுக்கு அந்நகரின் ஒரு ஹோட்டல் தங்குமிடமாயிற்று. எந்தக் கவுண்டி என்று நூற்றாண்டுக்கு மேலாகத் தனக்குள்ளேயே வாதிட்டு வரும் ஓர் ஊர், வந்தவனிடம் 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்கும்போது, அந்தக் கேள்வியில் ஓர் அழைப்பும் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் தெரிவுசெய்து வாதிடும் உரிமை கிடைத்தவன் அந்நியனாக நீடிப்பதில்லை.

ஊர்ப்பற்று மனிதனுக்கு அல்லாஹ் தந்த ஒரு நிஃமத் என்றே நான் கருதுகிறேன். அதை வேரோடு பிடுங்க முயல்பவர்கள் மனிதனை அறியாதவர்கள். போட்டிக்கு முந்திய நாள் தன் அணிக்காகத் தொண்டை வரள வாதிடுபவன் பாவம் எதுவும் செய்யவில்லை. போட்டி முடிந்த மறுநாள் அவன் என்ன சொல்கிறான் என்பதிலேதான் விடயம் இருக்கிறது. தன்னவர் அடித்த கோல் தவறு என்று தெரிந்தும் மௌனமாக இருப்பவனை எந்த நடுவரும் வெளியேற்றமாட்டார். எந்தச் சட்டமும் தண்டிக்காது. எல்லைகளின் பேரால் நிறையவே இழந்த எம் நாட்டு வாசகருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர் செய்த அநீதிக்குச் சாட்சி சொல்ல எல்லாச் சமூகங்களிலும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். தன்னவர்க்கு எதிராகச் சொல்ல எழுந்து நிற்பவர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு சமூகமும் தனக்குள்ளே எண்ணிப் பார்க்கட்டும்.