சிறு காயம் என்பது யார் தீர்ப்பு?

செயற்கைச் சுவரில் பிடிமானங்களைப் பற்றி ஏறும் விளையாட்டு, டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021ஆம் ஆண்டு முதன்முறையாக இடம்பெற்றது. இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்ற பிரெஞ்சு வீரர் பாசா மாவெம், கைத் தசைநாண் அறுந்தமையால் போட்டியிட இயலாது விலகினார். அங்கே அறக்கேள்விக்கு இடமில்லை, உடலே தீர்ப்பளித்துவிட்டது. சிறு காயமோ தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுகின்றது.

உள்ளூர்ப் போட்டிக்கு ஆயத்தமாகும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தால் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு ஏறட்டும். வலி பொறுக்கப் பழகாதவன் எவ்வுயரமும் ஏறான். விரலின் அடிப்பகுதியில் வலி என்றால் கதை வேறு. விரலை மடக்கும் தசைநாணை எலும்போடு அணைத்து நிற்கும் வளையம் போன்ற இழைகள் அங்கே உள்ளன. விரல்நுனியால் பற்றித் தொங்குகையில் அவற்றின்மீது பெருஞ்சுமை இறங்குகின்றது. குருதியோட்டம் குறைந்த இழைகளாதலின், சிதைந்தால் ஆறுவதற்கு வாரங்கள், சிலவேளை மாதங்களும் ஆகும்.

“சிறிதுதான்” என்று அவன் சொல்லும்போது பேசுவது விரலா, ஆசையா? வழக்காடுபவனே நீதிபதியாய் அமர்ந்த மன்றம் அது. மேலும், ஒலிம்பிக்கில் பார்ப்பவர் பெரும்பாலும் அந்நியர். உள்ளூரிலோ அண்டை வீட்டாரும் பள்ளித் தோழரும் நிற்பர். பரிசு சிறிதாயினும் அந்தக் கண்களின் கனம் பெரிது. உடல் ஓர் அமானிதம் என்று முழங்கும் நாமும் அக்கண்களுள் இருக்கின்றோம் அன்றோ? விலகி நிற்பவனைக் கோழையென்று நாம் நகையாதிருந்தால், அவன் தன் விரலிடம் மெய்யாகவே கேட்டறிந்திருக்கக்கூடும்.