பிள்ளைக்காக யார் துணிவது?



சிறுநீரை அடக்க முடியாமை பற்றி எம்மவர் வீடுகளில் வாய்விட்டுப் பேசுவது குறைவு. வயோதிபர்களின் தொல்லை என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் முள்ளந்தண்டு முழுமையாக மூடாமற் பிறக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலானோருக்கு இது வாழ்நாட் போராட்டம். சிறுநீர்ப்பை நிரம்பிய செய்தி மூளைக்குச் சரிவரப் போவதில்லை. மூளையின் கட்டளையும் சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்வதில்லை.

சீனாவின் சத்திரசிகிச்சை நிபுணர் சியாவோ சுவான்குவோ இதற்கு ஒரு வழி சொன்னார். காலுக்குப் போகும் நரம்பு வேர் ஒன்றை வெட்டி, சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்போடு பொருத்துவது. நரம்பு மெல்ல மெல்ல வளர்ந்து, மாதங்கள் பல கழித்து அங்கே போய்ச் சேரும். அதன்பின் தொடையிலோ காலிலோ தோலைச் சொறிந்தால், காலுக்கென்று புறப்பட்ட கட்டளை சிறுநீர்ப்பையைச் சுருங்க வைக்கும். அழகான யோசனைதான். 20 பிள்ளைகளில் 17 பேருக்குப் பலன் கிடைத்ததாக 2005இல் அவர் எழுதினார்.

ஆனால் வெட்டப்படுவது காலின் நரம்பு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 9 பேருக்கு இதைச் செய்து பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடத்தின்பின் 7 பேருக்குத் தோலைத் தூண்டியபோது சிறுநீர்ப்பையில் அழுத்தம் கூடியது. முழுமையான கட்டுப்பாடு ஒருவருக்கும் வரவில்லை. ஒருவருக்குப் பாதம் தொங்கியபடி நின்றுவிட்டது.

இங்கேதான் எமது கேள்வி எழுகிறது. பிள்ளையின் காற்பலத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, கிடைக்கலாம் என்ற ஒன்றை வாங்கப் பெற்றோருக்கு உரிமை உண்டா? "வேறு என்ன செய்வது, நம்பிக்கைதானே" என்று சொல்லலாம். அந்த நம்பிக்கையை நாம் இகழவில்லை. ஆயினும் நம்பிக்கை மிகுந்த கண் சிறு முன்னேற்றத்தையும் பெரிதாகக் காணும். வைத்தியரின் கண்ணும் அப்படியே.

ஆகவேதான் புளோரிடாவில் வேறு விதமாகச் சோதித்தார்கள். ஒட்டிக்கொண்ட முண்ணாணை விடுவிக்கும் சத்திரசிகிச்சை எப்படியும் தேவைப்பட்ட 20 பிள்ளைகள். குலுக்கல் முறையிற் பாதிப்பேருக்கு நரம்பு மாற்றமும் சேர்த்துச் செய்யப்பட்டது. யாருக்கு எது என்று குடும்பத்துக்கும் தெரியாது, பலனை அளந்தவர்களுக்கும் தெரியாது. பிள்ளையை வைத்துச் சீட்டுக் குலுக்குவதா என்று மனம் பதறத்தான் செய்யும். எமக்கோ, நிச்சயமில்லாத ஒன்றை நிச்சயம் போலச் செய்துகொண்டே போவதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது. 2016இல் முடிவு வந்தது: நரம்பு மாற்றத்தால் மேலதிக பயன் இல்லை.

இடையில் ஒன்று. தம்மை விமர்சித்தவர்களைத் தாக்க ஆள் ஏவியதற்காக 2010இல் பெய்ஜிங் நீதிமன்றம் சியாவோவுக்கு ஐந்தரை மாதத் தடுப்புக்காவல் விதித்தது. அவர் குற்றவாளி ஆனதால் சிகிச்சை பொய்யாகிவிடவில்லை. நல்ல மனிதராக இருந்திருந்தால் அது மெய்யாகியிருக்கவும் மாட்டாது. புளோரிடாவின் குலுக்கலுக்குத்தான் அதைச் சொல்லும் தகுதி இருந்தது.

இன்றும் இப்பிள்ளைகளிற் பலரின் சிறுநீரகத்தைக் காப்பது ஒரு மெல்லிய குழாய். சில மணிநேரத்துக்கு ஒருமுறை அதைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். வைத்தியசாலைக் கிருமிநீக்கம் அவசியமில்லை, சுத்தமான கைகள் போதும் என்று மிச்சிகனில் டொக்டர் ஜாக் லாப்பிடஸ் 1972இற் காட்டினார். பள்ளிப் பருவத்திலேயே இதைத் தாமாகச் செய்யப் பழகும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குத் தேவை நேரமும் மறைவும். திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஒரு பிள்ளை பையுடன் எழுந்து போய்க் கால்மணி நேரம் கழித்து வந்தால், "எங்கே போனாய்?" என்று நாம் கேட்கத் தேவையில்லை. மண்டபத்துக் கழிவறையிற் சரியான தாழ்ப்பாளும், பையை வைக்க ஒரு தட்டும், கைகழுவச் சவர்க்காரமும் இருந்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.