வலியைத் தணித்தல் வினையை மறுத்தல் ஆகுமா?

செய்த வினை பயன் தராது போகாது என்பது நம் சமயத்தின் அடிப்படைக் கொள்கை. அவ்வாறாயின், வினைப்பயனாக வந்த வலியை மருந்தினால் தணிப்பது வினையினின்று ஓடி ஒளிவதாகாதா? புற்றுநோயுற்ற பெரியோர் உள்ள இல்லங்களில் இவ்வினா எழக் கேட்டிருக்கிறோம். "வந்த வினையை அனுபவித்தே தீர்க்கட்டும், இன்றேல் அடுத்த பிறவிக்கு மிஞ்சும்" என்று கூறி, மருத்துவர் எழுதித் தந்த மார்ஃபினை நோயாளிக்குக் கொடாது வைப்போர் உளர். தாமே பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் நோயாளிகளும் உளர். இரு திறத்தாரும் அறத்தில் பற்றுடையவரே. ஆதலின் இதனை ஆராய்தல் நம் கடமையாகிறது.

இவ்வினாவை மேலும் கூர்மையாக்குவது, உடலினுள்ளேயே பொருத்தப்படும் மருந்துப் பம்ப். மாத்திரையை வேளைதோறும் நாமே எடுத்து உண்கிறோம். பம்போ நாம் எண்ணாத போதும், உறங்கும் போதும், உள்ளிருந்தே மருந்தைச் செலுத்துகிறது.

அதன் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். 1970களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பம்ப் உருவாயிற்று. அதற்கு மின்கலம் தேவையில்லை. உடலின் வெப்பத்தால் ஆவியாகும் ஒரு திரவத்தின் அழுத்தமே மருந்தை மெல்ல வெளியே தள்ளும். 1979இல் மேயோ மருத்துவமனையின் மருத்துவர்கள், தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள நீரில் சிறிதளவு மார்ஃபினைச் செலுத்திப் புற்றுநோய் வலியைத் தணிக்க இயலும் எனக் காட்டினர். இவ்விரு வழிகளும் பின்னர் ஒன்றுகூடின. இன்று பரவலாக வழங்குவது மின்கலத்தால் இயங்கும் வட்டமான உலோகக் கருவி. அதனை வயிற்றுத் தோலின் கீழ் வைத்து, மெல்லிய குழாயால் தண்டுவடத்தோடு இணைப்பர். அளவை வெளியிலிருந்தே மாற்றலாம். 20 அல்லது 40 மில்லிலிட்டர் மருந்து அதனுள் அடங்கும். தீரும் முன்னர்த் தோலின் வழியே ஊசியால் மீண்டும் நிரப்புவர். வாயால் உண்ணும் மார்ஃபினில் ஏறத்தாழ 300இல் ஒரு பங்கே இவ்வழிக்குப் போதும் என்பது மருத்துவர் கணக்கு.

இனி வினாவிற்கு வருவோம். வினை உதிர்தல் இருவகை என்று நம் ஆசாரியர்கள் வகுத்தனர். காலம் வந்து பயன் தந்து தானே உதிர்வது சவிபாக நிர்ஜரை. தவத்தால் உதிர்ப்பது அவிபாக நிர்ஜரை. முன்னது எல்லா உயிர்க்கும் ஒவ்வொரு கணமும் நிகழ்வது. நரகரும் விலங்கும் அளவிறந்த வலியை நுகர்கின்றனர். அதனால் அவர்கள் வீடு பெற்றுவிடவில்லை. ஏன்? நுகரும்போதே வெறுப்பாலும் கலக்கத்தாலும் புதுவினையைக் கட்டிக்கொள்கின்றனர். வலியையே நினைந்து, அது நீங்காதா என ஏங்கிக் கிடப்பதை ஆர்த்த தியானத்தின் நால்வகையுள் ஒன்றாக வைத்துள்ளனர். அது வினைக்கட்டிற்கே வாயில்.

ஆகவே வினையை உதிர்ப்பது வலி அன்று. வலியினிடையே நிலைத்த சமபாவமே. அடிபட்ட மாணவரெல்லாம் பாடம் கற்றவர் ஆகார் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். கற்பித்தது பிரம்பன்று, மாணவனின் கருத்தே. சமபாவம் இல்லாத வலியும் அத்தகையதே.

"நோயும் முனிவர் பொறுக்கும் 22 பரீஷகங்களுள் ஒன்றன்றோ?" எனலாம். ஆம். ஆயின் அது பயின்று பயின்று உரம் பெற்றவர் தாமே ஏற்பது. இல்லறத்தார்க்கு அனுவிரதம் போதும் என்று நம் சமயமே ஆற்றலுக்கேற்ப அறத்தை அளந்து தந்துள்ளது. ஒருவர் தம் வலியைப் பொறுப்பேன் எனத் தெளிந்து கூறின், அவரை வணங்குவோம். பிறர் வலியை நாம் பொறுப்பது எங்ஙனம்? நோயாளி கேட்க, மருந்தை மறைத்து வைப்பது தவமன்று, இம்சையே. மருந்தளித்தலை நான்கு தானங்களுள் ஒன்றாக வைத்தவர் நம் முன்னோர்.

மருந்து அறிவை மயக்கிவிடுமே, இறுதிக்காலத்தில் பஞ்ச நமஸ்காரத்தை நினைக்கவும் இயலாதே என்ற அச்சம் மட்டும் எளிதில் தள்ளத்தக்கதன்று. இங்கேதான் பம்ப் நமக்குப் பயன்படுகிறது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புற்றுநோய் வலியுற்ற 202 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவத்தோடு பம்பையும் பொருத்தினர். அவர்களிடம் சோர்வும் உணர்வு மங்கலும் மற்றவரைவிடக் குறைந்தன. குறையும் உண்டு. அறுவை வேண்டும், கிருமி தொற்றலாம், குழாய் நழுவலாம், செலவோ மிகுதி. எல்லார்க்கும் ஏற்றதன்று. பெரும்பாலோர்க்கு மாத்திரையே போதும். எனினும் தெளிவைக் காத்து வலியைத் தணிக்க வழியுண்டு என்பதை இக்கருவி மெய்ப்பித்துவிட்டது.

அவ்வாறாயின் சல்லேகனைக்கு இடமேது? செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு இன்றும் உள்ளது. அது வலிக்கு அஞ்சியவர் செயலன்று, தெளிவுடையார் செயல். சமந்தபத்திரர் கொடிய நோயுற்றுச் சல்லேகனைக்கு ஒப்புதல் வேண்டியபோது, குரு மறுத்து, நோய் தீர்த்து வருக எனப் பணித்தார் என்பது மரபு. அவரே தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், மாற்றில்லா நோயையே சல்லேகனைக்குரிய காரணங்களுள் சேர்த்தார். மாற்று உள்ளவரை மாற்றைத் தேடுக என்பது அதன் உட்பொருள். தாங்கொணா வலியால் சாவை வேண்டுவோரின் வேண்டுதலைச் சல்லேகனை என்று கொள்ளுதல் தகாது. வலி தணிந்த பின்னும் ஒருவர் அமைதியாக அதனையே நாடுவாராயின், அதுவே ஆராயத்தக்கது. அப்போதும் மருந்தைத் திடீரென நிறுத்தல் பெருந்துன்பம் தரும். மருத்துவர் வழியே படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

கருவி உடலின் ஓலத்தை அடக்கும், உள்ளத்தை அடக்காது. வலி தணிந்து கிடைத்த நாழிகைகளைத் தொலைக்காட்சிக்கும் சொத்து வழக்கிற்கும் செலவிடுவதும், பகைத்தவரிடம் பொறுத்தருளக் கேட்டு, நூல் ஓதக் கேட்டு, ஆன்மாவை நினைந்திருப்பதும் நம் கையிலேயே உள்ளன. சமபாவத்தை ஊற்றி நிரப்பும் ஊசி எங்கும் இல்லை. நம் இல்லத்தில் நோயுற்றோர்க்கு முதலில் மருந்தைக் கொடுப்போம். பின்னர் அருகிருந்து அறம் ஓதுவோம்.

அறம் வளர்க! ஜினதர்மம் வாழ்க!